பிக்கப் வண்டியின் பிரேக்கில் ஏர் எடுப்பது எப்படி?

பிரேக் பெடலை மிதித்தால் மெத்தென்று உள்ளே போகிறது. காலை எடுத்துவிட்டு உடனே மறுபடி மிதித்தால் கொஞ்சம் மேலேயே நிற்கிறது. மூன்றாவது மிதியில் இன்னும் கெட்டியாகிறது. இப்படி இருந்தால் பிரேக் லைனுக்குள் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை வெளியே தள்ளும் வேலைதான் ஏர் எடுப்பது.

கஷ்டமான வேலை இல்லை. ஒரு ஸ்பேனர், ஒரு டியூப், ஒரு பாட்டில், பெடல் மிதிக்க ஓர் ஆள், இவ்வளவுதான் தேவை. ஆனால் கவனம் சிதறினால் ஏர் எடுக்க உட்கார்ந்தவர் ஏர் ஏற்றிவிட்டு எழுந்திருப்பார். அது நடப்பது இரண்டே இடத்தில். நிப்பிள் (காற்றை வெளியே விட ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் இருக்கும் துளையுள்ள திருகு) திறந்திருக்கும்போதே பெடலில் இருந்து கால் மேலே வந்துவிடுவது ஒன்று. பானெட்டுக்குள் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் தீர்ந்துபோவது இன்னொன்று. பிக்கப்பாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் சேரும்: பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும் பாரம் பார்க்கும் வால்வு. கார்களை மனதில் வைத்துச் சொல்லப்படும் வழிமுறைகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப் போவதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

காற்று உள்ளே வந்தது எப்படி?

பிரேக் ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது. காற்று சுருங்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், அசையாது. பாதி தண்ணீர் பாதி காற்று என்று வைத்து அழுத்தினால் சுலபமாக உள்ளே போகும். பெடலிலும் இதேதான். பெடல் இறங்கும் தூரத்தில் பெரும்பகுதி காற்றைச் சுருக்குவதற்கே செலவாகிவிடும், மிச்சம்தான் சக்கரத்துக்குப் போகும்.

மூடிய லைனுக்குள் காற்று தானாக வராது. காலிப்பர் (டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் பாகம்), ஹோஸ், வீல் சிலிண்டர் (டிரம் பிரேக்கில் ஷூவை விரிக்கும் பாகம்) என்று எதையாவது கழற்றி மாட்டியிருப்பீர்கள். அல்லது டப்பாவில் ஆயில் அடிவரை இறங்கியிருக்கும். பாரம் ஏற்றும் வண்டிக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் காலிப்பர் சூடேறி, ஈரம் ஏறிய பழைய ஆயில் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும், பெடல் தரையோடு போய்விடும். கொஞ்ச நேரம் ஆறியதும் பெடல் பழையபடி வந்து நிற்பதால் ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கத் தோன்றும். சரியாகவில்லை. அந்த ஆயிலை மாற்றாமல் அடுத்த இறக்கத்தில் இறங்கக் கூடாது.

இந்த மூன்றும் இல்லை, ஆனாலும் பெடல் மெத்தென்று இருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஏர் மட்டும் எடுத்தால் சில நாளில் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, இரும்பு லைன் துருப்பிடித்து ஈரமாக இருக்கிறதா, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) பூஸ்டரோடு (மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பாகம்) சேரும் இடத்தில் நனைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால், டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக நெம்பிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பார்த்து முடித்ததும் டிரம்மை மாட்டிவிடுங்கள். டிரம் இல்லாமல் யாராவது பெடலை மிதித்தால் சிலிண்டரின் பிஸ்டன்கள் தெறித்து வெளியே வந்துவிடும்.

டிரம் பிரேக் உள்ள பிக்கப்பில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. டிரம்முக்குள் விரிந்து உரசும் ஷூ தேய்ந்து, டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டால் பெடல் ஆழமாகப் போகும், இரண்டு முறை மிதித்தால் மேலே வரும். பார்க்க ஏர் மாதிரியே இருக்கும். பிரித்தறிய ஒரு வழி: வண்டியை நிறுத்திவைத்து, ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று உயர்ந்து கெட்டியாக நின்றால் குறை ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டில் இருக்கிறது, ஏரில் இல்லை. காற்று இருந்தால் பெடல் உயர்ந்தாலும் அந்த மெத்தென்ற உணர்வு போகாது.

பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. ஏர் எடுப்பதால் அது சரியாகாது.

ஆயில் விஷயம்

எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. இவை இரண்டும் டாட் 5.1 என்பதும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலந்துகொள்ளும். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு சேராது, ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டிக்கும் ஒத்துவராது. 5, 5.1 என்று பெயர் வைத்தவர்கள் வாங்குபவர்களைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. பாட்டிலில் உள்ள எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு வாங்குங்கள்.

கிளைக்கால் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 புதிதாக 230, ஈரம் சேர்ந்தபின் 155. மேலே சொன்ன இறக்கத்துக் கதைக்கு இந்த எண்கள்தான் காரணம். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். அடிக்கடி பாரம் ஏற்றுபவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள் அப்படிச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 வேண்டாம்.

பழைய ஆயிலை முழுதாக மாற்றுவதாக இருந்தால் ஒரு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்கட்டும். ஷெட்டில் பாதி மிச்சம் இருக்கும் பழைய பாட்டிலை இதற்குத் தொடாதீர்கள், அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எஞ்சின் ஆயில், டீசல், கிரீஸ் எதுவும் ஒரு சொட்டுகூட இந்த அமைப்புக்குள் போகக் கூடாது. அவை பிரேக் ரப்பர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். புனலில் முன்பு எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் அந்தப் புனலும் வேண்டாம்.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பானெட் ஓரத்தில், ஃபெண்டரில் பழைய போர்வையோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டுவையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சிந்தினால் துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், காயமும் ஆகலாம். வண்டிக்கு அடியில் அண்ணாந்து படுத்துச் செய்யும் வேலை என்பதால் கண்ணாடி போடாமல் ஆரம்பிக்காதீர்கள்.

எடுத்துவைக்க வேண்டியவை

நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் முக்கியம். 8, 10, 11 மில்லிமீட்டர் அளவுகள்தான் அதிகம் வரும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவாக இருக்கலாம். ஆறு முனை உள்ள சாக்கெட்டும் இருந்தால் முதல் தளர்த்தலுக்கு அதையே பயன்படுத்துங்கள். வாய் திறந்த ஸ்பேனரால் திருகினால் நிப்பிளின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிடும், அதற்கப்புறம் பிடிமானமே கிடைக்காது.

நிப்பிள் மேல் இறுக்கமாக உட்காரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், அரை மீட்டருக்குக் குறையாமல். ஒரு காலி பாட்டில். டப்பாவில் இருந்து பழைய ஆயிலை உறிஞ்ச ஒரு பெரிய சிரிஞ்ச். துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், கையுறை, நிறைய துணி. பெடலுக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மரக்கட்டை. அது எதற்கு என்று பின்னால் வரும்.

வண்டியை நிறுத்துவதும் பின் வால்வும்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க், மேனுவல் என்றால் கியரில் விடுங்கள். பின் டிரம்மில் ஏர் எடுக்கும்போது ஹேண்ட்பிரேக் விடுவித்திருக்க வேண்டும், எனவே கட்டைகளை நம்பித்தான் வண்டி நிற்கிறது. நல்ல கட்டைகளாகப் பார்த்துக் கொடுங்கள்.

பல பிக்கப்களில் சக்கரத்தைக் கழற்றாமலேயே, ஜாக்கி போடாமலேயே பின் நிப்பிள்களை எட்டிவிடலாம். தரையில் இருந்து அவ்வளவு உயரம் இருக்கிறது. கை எட்டுமானால் அதுவே சிறந்த வழி. சோம்பலுக்காகச் சொல்லவில்லை, வால்வுக்காகச் சொல்கிறேன்.

பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருக்கும்போது மிக லேசு, பாரம் ஏற்றினால் மிகக் கனம். இரண்டுக்கும் ஒரே அளவு பிரேக் கொடுத்தால் காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க, பல மாடல்களில் சேசிஸில் ஒரு வால்வை வைத்து, அதில் இருந்து ஒரு கம்பியையோ ஸ்பிரிங்கையோ பின் ஆக்சிலுக்கு இணைத்திருப்பார்கள். பாரம் ஏறும்போது சேசிஸ் தாழும், ஆக்சிலோடு உள்ள தூரம் குறையும், வால்வு பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் விடும். வண்டி காலியானால் தூரம் கூடி, வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். புதிய வண்டிகளில் பலவற்றில் இந்த வேலையை ஏபிஎஸ் மின்னணு முறையில் பார்த்துக்கொள்கிறது, கம்பி இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பின் ஆக்சிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது சேசிஸில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினால் என்ன ஆகும்? ஆக்சில் கீழே தொங்கும். வண்டி காற்றாய்ப் பறக்கும் அளவுக்கு லேசாகிவிட்டது என்று வால்வு நினைத்துக்கொண்டு பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தை ஒடுக்கிவிடும். நிப்பிளைத் திறந்தால் ஆயில் சரியாக வராது, உள்ளே இருக்கும் காற்றும் அசையாது. ‘மணிக்கணக்காக ஏர் எடுத்தும் பின் பிரேக் சரியாகவில்லை’ என்ற புலம்பல்களுக்குப் பின்னால் பல சமயம் இந்தத் தொங்கும் ஆக்சில்தான் இருக்கும்.

ஆகவே சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டுகளை சேசிஸுக்கு அடியில் வைக்காமல் ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள், அப்போது வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் கொஞ்சம் பாரம் ஏற்றிவைத்தால் இன்னும் நல்லது. வால்வின் கம்பியைக் கழற்றிக் கட்டிவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதன் அளவு மாறினால் பிரேக்கின் சமநிலையே மாறிவிடும் என்பதால் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. சில மாடல்களில் அந்த வால்விலேயே தனியாக ஒரு நிப்பிள் இருக்கும். இருந்தால் அதிலும் ஏர் எடுக்க வேண்டும், எந்த வரிசையில் என்பதை வண்டியின் கையேடு சொல்லும்.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்தது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடக் கூடாது. அதுவும் உள்ளே ஒருவர் உட்கார்ந்து பெடலை ஓங்கி ஓங்கி மிதிக்கும்போது.

நிப்பிளை இளக்குவது

வேலை முழுவதிலும் பொறுமை அதிகம் கேட்கும் இடம் இதுதான். நிப்பிள் நடுவே துளை உள்ள மெல்லிய உருப்படி. துருப்பிடித்து இறுகியிருக்கும்போது பலத்தைக் காட்டினால் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் காலிப்பரையோ வீல் சிலிண்டரையோ மாற்றுவதில் போய் முடியும்.

முதலில் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை மரை தொடங்கும் இடத்தில் அடித்து விட்டுவிடுங்கள். முந்தைய நாள் இரவே அடித்துவைத்தால் மிகவும் நல்லது. பேட், டிஸ்க், ஷூ மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சின்னச் சுத்தியலால் நிப்பிள் இருக்கும் இடத்தைச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். சாக்கெட்டை மாட்டி, தளர்த்தும் பக்கம் கொஞ்சம், இறுக்கும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி இளக்குங்கள். ‘டிக்’ என்று விட்டதும் மறுபடி மூடிவிடுங்கள்.

மற்ற எதையும் தொடும் முன் நான்கு நிப்பிளும் இளகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று சக்கரத்தை முடித்துவிட்டு நான்காவது அசையவில்லை என்றால் பாதி வேலையில் வண்டியை நிறுத்திவைக்க நேரிடும். நிப்பிளின் துளை அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

காலிப்பரை மாற்றியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறி மாட்டிவிட்டால் நிப்பிள் அடியில் வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை லிட்டர் ஆயிலை ஓட்டினாலும் அது வெளியே வராது.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது?

பொது விதி, மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமாக உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பது. ஸ்டியரிங் வலதுபக்கம் உள்ள வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஸ்டியரிங் இடதுபக்கம் என்றால் பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேடு சொல்வதே சரி. ஏபிஎஸ் வந்தபின் சில வண்டிகளில் வரிசை மாறியிருக்கிறது.

ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் ஹோஸோ காலிப்பரோ மாற்றியிருந்தால், டப்பா வற்றாமலும் இருந்திருந்தால், அந்தச் சக்கரத்தில் மட்டும் ஏர் எடுத்தாலே பெரும்பாலும் போதும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் அதை வண்டியில் மாட்டும் முன்பே வைஸில் பிடித்து, அதன் வாயில் இருந்து சின்ன டியூப்களை அதன் டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை தள்ளித் தள்ளி ஏர் எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டினால் பெடல் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் முறை

டப்பாவின் மூடியைச் சுற்றி முதலில் துடையுங்கள், அப்புறம் திறங்கள். சிரிஞ்சால் பழைய ஆயிலை முடிந்தவரை உறிஞ்சிவிட்டு உடனே புதிய ஆயிலை மேல் கோடுவரை ஊற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் அந்தக் கறுத்த ஆயில் முழுவதையும் நான்கு லைன் வழியாக ஓட்ட வேண்டியிருக்கும். உறிஞ்சும்போது அடியில் உள்ள துளைகள் வெளியே தெரியும் அளவுக்குப் போகாதீர்கள், பெடலையும் தொடாதீர்கள். மூடியை லேசாக மேலே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெடலை விடும்போது ஆயில் மேலே பீச்சி அடிக்கும்.

மரக்கட்டையைப் பெடலுக்கு அடியில் தரையில் வையுங்கள். பழைய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் அன்றாடம் பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடல் தரைவரை போனால் பிஸ்டனின் ரப்பர் அதில் உரசிக் கிழியலாம். கட்டை அதைத் தடுக்கும்.

டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டுங்கள். பாட்டிலில் கொஞ்சம் புதிய ஆயில் ஊற்றி மறுமுனை அதில் மூழ்கியிருக்கும்படி விடுங்கள். ஸ்பேனரை முதலில் மாட்டிவிட்டு அதன் மேல் டியூபை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் டியூபைக் கழற்ற வேண்டிவரும்.

இனி இருவருக்கும் இடையே மூன்று சொல் மட்டும்தான் பேச்சு:

1. நீங்கள் “அமுக்கு” என்கிறீர்கள். உள்ளே இருப்பவர் பெடலை நிதானமாக இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டு, கடைசி மிதியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு “பிடிச்சிருக்கேன்” என்கிறார்.

2. நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். ஆயிலும் குமிழியும் டியூபில் ஓடும். பெடல் கீழே இறங்கும். உள்ளே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது, பெடலோடு சேர்ந்து கால் இறங்கி, கட்டையில் முட்டி நிற்க வேண்டும்.

3. ஓட்டம் நிற்பதற்குள் நிப்பிளை மூடிவிட்டு, மூடிய பிறகே “விடு” என்கிறீர்கள். அந்தச் சொல் காதில் விழாமல் கால் மேலே வரக் கூடாது.

உள்ளே உட்காருபவர் முதல்முறை செய்பவர் என்றால், நிப்பிளைத் திறக்காமலேயே இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பெடல் திடீரென்று கீழே போகும்போது காலைப் பின்னால் இழுப்பது மனித இயல்பு. அப்படி இழுத்தால் வெளியே தள்ளிய காற்று அந்த நிப்பிள் வழியாகவே திரும்ப உள்ளே போகும். ‘அது கீழே போகத்தான் செய்யும், பயப்படாதே’ என்று முன்பே சொல்லி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வீட்டில் யார் பதற்றப்படாமல், பொறுமையாகச் சொன்னதைக் கேட்டுச் செய்வாரோ அவரைப் பெடலில் உட்காரவையுங்கள். வண்டி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.

பெடலை வேகவேகமாகக் குத்தக் கூடாது. பெரிய குமிழிகள் உடைந்து நுண்ணிய நுரையாகி ஆயிலோடு கலந்துவிடும், அது வெளியே வர நேரம் எடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சில நொடி இடைவெளி விடுங்கள்.

ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை எழுந்துபோய் டப்பாவைப் பாருங்கள். பாதிக்குக் கீழே போகும் முன்பே நிரப்பிவிடுங்கள். ஆயில் தீர்ந்து மாஸ்டர் சிலிண்டர் காற்றை உறிஞ்சிவிட்டால் நான்கு சக்கரத்தையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். சில மேனுவல் வண்டிகளில் கிளட்சும் இதே டப்பாவில் இருந்துதான் ஆயில் எடுக்கிறது, அப்படியென்றால் கிளட்சுக்கும் சேர்த்து வேலை வரும்.

டியூபில் குமிழி நின்று, பழுப்பு நிறம் மாறி, புதிய ஆயிலின் தெளிந்த நிறம் வந்ததும் அந்தச் சக்கரம் முடிந்தது. இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக ஓட்டிவிட்டு மூடுங்கள். இறுக்கும்போது கையை அடக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிப்பிள்களுக்கு 10 நியூட்டன் மீட்டர் ஒட்டித்தான் அளவு, சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் கொடுத்தாலே வந்துவிடும். ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டுங்கள், அழுக்கும் ஈரமும் உள்ளே போகாமல் இருந்தால் அடுத்த முறை நிப்பிள் சுலபமாக இளகும். அப்புறம் அடுத்த சக்கரம்.

பாட்டிலில் சேர்ந்த ஆயில் புதிதுபோல் தெரிந்தாலும் அதை மறுபடி டப்பாவில் ஊற்றாதீர்கள்.

ஆள் கிடைக்காவிட்டால்

எளிதானது, தானாக வழிய விடுவது. டியூபை மாட்டி நிப்பிளைத் திறந்துவைத்தால் ஆயில் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்கும், காற்றையும் கூட்டி வரும். பெடலைத் தொட வேண்டியதில்லை. மெதுவான வேலை, டப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலிப்பர் மாற்றிய சக்கரத்துக்கு முதலில் இதைச் செய்துவிட்டு, கடைசியில் ஆளை வைத்து நாலைந்து சுற்று மிதிக்கச் சொல்வது எனக்குப் பிடித்த வழி.

கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் நிப்பிள் பக்கம் இருந்து உறிஞ்சும். இதில் ஒரு குழப்பம்: நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் உறிஞ்சப்பட்டு டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். உள்ளே காற்று இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் காட்டும். குமிழியை நம்பாமல் பெடலை நம்புங்கள்.

மூன்றாவது, டப்பாவின் மேல் மூடிபோல் மாட்டி மேலே இருந்து அழுத்தம் கொடுக்கும் பிரஷர் பிளீடர். அடிக்கடி இந்த வேலை செய்பவர்கள் வாங்கலாம். 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் ஏற்றினால் பிளாஸ்டிக் டப்பாவே விரிசல் விட்டுவிடும். மூடி சரியாக உட்காராவிட்டால் எஞ்சின் அறை முழுக்க ஆயில் அபிஷேகம்தான், அதனால் ஆயில் ஊற்றும் முன் வெறும் காற்றில் அழுத்தம் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில்

காலிப்பர், ஹோஸ், பேட் வேலைக்கு மேலே சொன்ன முறையே ஏபிஎஸ் வண்டிக்கும் போதும். ஆனால் டப்பா முழுதாக வற்றியிருந்தாலோ, மாஸ்டர் சிலிண்டரையோ ஏபிஎஸ் யூனிட்டையோ மாற்றியிருந்தாலோ, யூனிட்டுக்குள் மூடிக்கிடக்கும் அறைகளில் காற்று தங்கலாம். ஸ்கேனர் கருவியால் அதன் மோட்டாரையும் வால்வுகளையும் ஓடவிட்டால்தான் அது வெளியே வரும். வழக்கமான முறையில் இரண்டு முறை முழுதாக எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால் அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம், ஸ்கேனர் உள்ள இடத்துக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வேக்குவம் பூஸ்டருக்குப் பதில் மின்மோட்டார் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் உள்ள மாடல்களுக்கு முறையே வேறு. அவற்றைக் கையேடு இல்லாமல் தொடக் கூடாது.

முடிந்ததா என்று பார்ப்பது

டப்பாவை மேல் கோடுவரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். மரக்கட்டையை எடுத்துவிடுங்கள், பெடலுக்கு அடியில் அது கிடக்கும்போது வண்டியைக் கிளப்புவது ஆபத்து. எஞ்சின் அணைந்த நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்து பூஸ்டரின் வேக்குவத்தைக் காலி செய்யுங்கள். இப்போது பெடல் உயரத்திலேயே, கெட்டியாக நிற்க வேண்டும். அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக ஒரு இறக்கம் இறங்கி நிற்கும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ஏர் இருக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் ஓங்கி அழுத்தியே பிடித்திருங்கள், மேற்கொண்டு இறங்கக் கூடாது. அதற்குள் வேறொருவர் நான்கு நிப்பிளையும் பார்த்து எங்கும் ஈரம் இல்லை என்று உறுதி செய்யட்டும். சக்கரம், பேட், டிரம் மேல் சிந்தியிருந்தால் கழுவிவிடுங்கள்.

சக்கரம் கழற்றியிருந்தால் நட்டுகளை மறக்காமல் இறுக்குங்கள். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். சரியாக நின்றால் கொஞ்சம் வேகம் கூட்டி இரண்டு மூன்று முறை. ஒரு பக்கம் இழுக்கிறதா, டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பெடலில் சந்தேகம் இருந்தால் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள், மறுபடி முதல் சக்கரத்தில் இருந்து ஒரு சுற்று எடுங்கள். நுண்குமிழிகள் சேர்ந்து பெரிதாக நேரம் எடுக்கும் என்பதால், இரவு முழுக்க நிறுத்திவைத்துவிட்டு காலையில் எடுத்தால் பல சமயம் சுலபமாக வந்துவிடும்.

பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். பழைய எஞ்சின் ஆயிலோடும் சேர்க்காமல் தனி பாட்டிலில் மூடி, அதன் மேல் பெயர் எழுதி, இரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விஷம்.

சில நாள் ஓட்டிய பிறகு டப்பாவின் அளவையும் நிப்பிள்களையும் இன்னொரு முறை பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இறங்காவிட்டால் ஒரு சின்ன ஸ்டிக்கரில் தேதியை எழுதி டப்பாவின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள், பாரத்தோடு இறக்கங்களில் ஓடும் வண்டிக்கு அதையும் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.